பாலாற்றங்கரையில் நடக்கலாமா?

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம் திருமுக்கூடல். உத்திரமேரூர் என்றால் எல்லோரும் குடவோலைக் கல்வெட்டைத்தான் சொல்வார்கள். அதே வட்டாரத்தில், இந்தத் திருமுக்கூடலின் அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் இன்னொரு கல்வெட்டைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. வீரராசேந்திர சோழன் காலத்தில், பொ.ஆ. 1069 வாக்கில் வெட்டியது. கோயிலை ஒட்டி நடந்த வேதபாடசாலை, மாணவர் விடுதி, ஆதுலசாலை ஆகியவற்றின் செலவுக் கணக்கு அதில் இருக்கிறது. ஆதுலசாலை என்றால் மருத்துவமனை. அங்கே 15 படுக்கைகள். நோய் பார்க்க ஒரு வைத்தியர், அறுவைக்கு ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர இரண்டு ஆட்கள், மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர், ஒரு தண்ணீர் ஆள். இருப்பில் வைக்க வேண்டிய தைலம், நெய், அரிதகி வகைகளின் பெயரும் அளவும் வரிசையாக இருக்கின்றன. இரவில் எரியும் விளக்குக்கான எண்ணெயைக்கூட மறக்கவில்லை.

நோயாளியை எங்கே வைப்பது, யார் பார்ப்பது, எவ்வளவு செலவாகும் என்று 950 ஆண்டுகளுக்கு முன்பே கணக்கெழுதிய மாவட்டத்தில்தான், 2020 மார்ச் 7 அன்று தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி உறுதியானார். ஓமனிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர் அவர். மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாடு முழுக்க 144 தடை வந்தது. மறுநாள் நாடே 21 நாள் ஊரடங்குக்குள் போனது.

அந்த நாட்களில் ஊருக்கு ஊர் எழுந்த ஒரு சின்னக் கேள்விக்குத்தான் இந்த அத்தியாயம். காலையில் நடக்கப் போகலாமா, கூடாதா?

கிராமத்தில் இந்தக் கேள்வி எல்லோருக்கும் எழவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாற்று நடப் போகிறவருக்கும் மாடு ஓட்டிப் போகிறவருக்கும் நடை ஒரு தனி வேலை இல்லை. விவசாயப் பணிகளுக்கு மார்ச் 27-ஆம் தேதியே விலக்கும் கிடைத்துவிட்டது. கேட்டவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர், கடைக்காரர், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் அம்மா போன்றவர்கள். "தினம் முக்கால் மணி நேரம் நடங்கன்னு டாக்டர் சொல்றாரு. வெளிய வந்தா வண்டியைப் புடுங்குவேன்னு போலீஸ் சொல்லுது. யார் பேச்சைக் கேக்கறது?"

என் பதில் இது. தனியாக, திறந்த வெளியில், யாரிடமும் நின்று பேசாமல் நடப்பது அந்தக் காலத்தில் ஒருவர் செய்திருக்கக்கூடிய மிக ஆபத்துக் குறைந்த காரியங்களில் ஒன்று. சில நேரங்களில் வீட்டுக்குள் இருப்பதைவிடவும் ஆபத்துக் குறைவு. இதை நம்பச் சொல்லவில்லை, கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மூச்சின் கணக்கு

பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம். தொகுப்பு வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 28,000 லிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 8 லிட்டர் மூச்சு விடுகிறார் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு 480 லிட்டர். மூன்று பேர் சன்னலைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் டி.வி. பார்த்தால் அந்த அறைக் காற்றில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஏற்கெனவே யாரோ ஒருவர் நுரையீரலுக்குள் போய்வந்த காற்று. கதவிடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளியேறும் என்பதால் நடைமுறையில் இது சற்றுக் குறையும். மின்விசிறியை நம்ப வேண்டாம். அது இருக்கிற காற்றையே சுற்றிவிடும், மாற்றாது.

இப்போது பழைய சீவரத்திலிருந்து திருமுக்கூடலுக்குப் போகும் பாலாற்றுப் பாலத்துக்கு வருவோம். கன்னத்தில் பட்டும் படாமலும் போகும் மெல்லிய காற்றின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் என்று வையுங்கள். உங்களைச் சுற்றி இரண்டு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரத்துக்கு மட்டும் கணக்கெடுத்தாலே நொடிக்கு 4,000 லிட்டர் புதுக்காற்று கடந்து போகிறது, நிமிடத்துக்கு 2,40,000 லிட்டர். பக்கத்தில் போகிறவர் விடும் 8 லிட்டர் அதில் கலந்தால் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. வேகமாக நடக்கிறவர் மூன்று நான்கு மடங்கு மூச்சு விடுவார், உண்மைதான். அப்படியே வைத்தாலும் ஏழாயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் வராது.

சாம்பிராணி போடுகிற வீட்டில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உள்ளறையில் அரை மணி நேரம் புகை நிற்கும். அதே தூபக்காலைத் திண்ணையில் வைத்தால் அடுத்த ஆளின் மூக்கை எட்டுவதற்குள் கலைந்துவிடும். கொரோனா வைரஸும் பெரும்பாலும் இப்படித்தான் பரவியது. இருமலில் தெறிக்கும் பெரிய துளிகள் ஒன்றிரண்டு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடுகின்றன. பேசும்போதும் பாடும்போதும் மூச்சு விடும்போதும் வெளிவரும் நுண்துளிகள் காற்றில் மிதக்கின்றன. 1930-களில் வில்லியம் வெல்ஸ் என்ற அமெரிக்கர் இந்த நுண்துளிகளைப் பற்றி எழுதினார். பிறகு காசநோயாளிகள் இருந்த வார்டின் காற்றைக் குழாய் வழியாகக் கினிப்பன்றிக் கூண்டுகளுக்குள் செலுத்தி, நோயைக் கடத்தக் காற்று மட்டுமே போதும் என்று அவருடைய குழு பால்டிமோரில் நிறுவியது. ஆனாலும் 2020 ஜூலையில் லிடியா மொராவ்ஸ்கா முதலான 239 அறிவியலாளர்கள் சேர்ந்து ஒரு திறந்த கடிதம் எழுதும்வரை, காற்று வழிப் பரவலை உலக சுகாதார நிறுவனம் அரை மனதோடுதான் பார்த்தது. கை கழுவு, கை கழுவு என்று நமக்கு ஓராண்டு பாடம் நடந்தது. சன்னலைத் திற என்று சொன்னவர்கள் குறைவு.

வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. கோடை வெயிலின் புற ஊதாக்கதிர் எச்சில் துளியிலுள்ள வைரஸில் பெரும்பகுதியைச் சில நிமிடங்களில் செயலிழக்கச் செய்வதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்து மே மாத வெயில் அதற்குத் தாராளமாகப் போதும்.

நம் ஊர் ஆதாரம்

கணக்கு சரி, நடந்தது என்ன? உலகமே எடுத்தாண்ட ஓர் ஆய்வு தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இரு மாநிலச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், 84,965 நோயாளிகளின் தொடர்பில் வந்த 5,75,071 பேரைத் தேடிச் சோதித்தார்கள். ரமணன் லட்சுமிநாராயண் குழு அந்தத் தரவை அலசி 2020-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. நோயாளிகளில் 71 விழுக்காட்டினரின் தொடர்புகளில் ஒருவருக்கும் தொற்று தெரியவில்லை. தொடர்பில் வந்தவர்களைப் பிரித்துப் பார்த்தால், ஒரே வீட்டில் இருந்தவர்களில் 9 விழுக்காட்டினருக்கு நோய் வந்திருந்தது. வெளிச் சமூகத் தொடர்பில் அது 2.6 விழுக்காடு. ஒரே வண்டியில் ஆறு மணி நேரத்துக்கு மேல் முகக்கவசமின்றி நெருங்கிப் பயணம் செய்தவர்களில் மட்டும் 79 விழுக்காடு! அந்தப் பிரிவில் ஆட்கள் சிலரே, இருந்தாலும் கவனிக்க வேண்டிய எண். நோய்க்கு வேண்டியது வீடு, வண்டி, நேரம்.

ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். தெருவில் கடந்துபோன முன்பின் தெரியாதவரை எந்த நோயாளியும் தன் தொடர்புப் பட்டியலில் சொல்லியிருக்க மாட்டார். ஆகவே 'வெளியே' என்ற பகுதி இந்த ஆய்வில் கொஞ்சம் மங்கல்தான். சீன ஆய்வு ஒன்று அந்த இடத்தை நேராகத் தொட்டது. ஹூபே மாகாணத்துக்கு வெளியே 7,324 நோயாளிகளை எடுத்து, மூன்று பேருக்கோ அதற்கு மேலோ தொற்றிய 318 கொத்துகளைப் பிரித்தபோது எல்லாமே கட்டடத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ நடந்தவை. திறந்த வெளியில் தொற்றியதாகக் கிடைத்தது ஒரே ஒரு நிகழ்வு. வூஹானிலிருந்து வந்தவரோடு ஊரில் வெளியே நின்று பேசிய ஓர் இளைஞர். அவரும் நடக்கவில்லை, நின்று பேசினார். ஜனவரிக் குளிரில் சீனர்கள் எத்தனை பேர் வெளியே இருந்திருப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிற்பாடு பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் மொத்தத் தொற்றில் வெளியில் நிகழ்ந்தது பத்தில் ஒன்றுக்கும் குறைவு என்ற முடிவுக்கே வந்தார்கள்.

'வெளி' என்றால் எல்லா வெளியும் அல்ல

கோயம்பேடு திறந்தவெளிதானே என்பார்கள். 2020 ஏப்ரல் 26 முதல் சென்னையில் நான்கு நாள் முழு அடைப்பு என்று அறிவித்ததும், அதற்கு முந்தைய நாள் சனிக்கிழமை அந்தச் சந்தையில் மொய்த்த கூட்டம் நினைவிருக்கும். குறுகிய நடைபாதை, தோளோடு தோள் உரசும் நெரிசல், உரக்க விலை பேசும் குரல்கள், மூட்டை இறக்கிக் கடையிலேயே படுத்து எழும் தொழிலாளர்கள். மே 5 அன்று சந்தையை மூடினார்கள். அதற்குள் லாரியேறி ஊர் திரும்பியவர்களோடு நோய் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று போய்விட்டது. கூரையைவிட நெருக்கம் பெரிது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம். அவசரமாக அறிவிக்கும் அடைப்பு, அடைக்க நினைத்த கூட்டத்தைத் தானே உண்டாக்கிவிடும் என்பதற்கும்தான்.

திருப்பூர் மாவட்டக் காவல்துறை ட்ரோன் விட்டு விரட்டிய கேரம் ஆட்டக்காரர்களும் வெளியில்தான் இருந்தார்கள். ஒருவர் பலகையையே முகத்துக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு ஓடியதைப் பார்த்து நாமெல்லாம் சிரித்தோம். ஆனால் ஒரு பலகைக்கு நான்கு பக்கமும் தலையை நீட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கூச்சலிட்டு ஆடுவது வேறு, ஏரிக்கரையில் ஒருவர் கைவீசி நடப்பது வேறு. ட்ரோனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த ஏப்ரலில் வாட்ஸ்அப்பில் சுற்றிய வண்ணப்படம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஓடுகிறவருக்குப் பின்னால் சிவப்பும் மஞ்சளுமாகத் துளிகள் வால்போல் நீளும். பெர்ட் ப்ளாக்கன் என்ற காற்றியக்கப் பொறியாளரின் கணினிக் கணக்கு அது. நடப்பவருக்குப் பின்னால் ஐந்து மீட்டர், ஓடுபவருக்குப் பின்னால் பத்து மீட்டர் இடைவெளி வேண்டும் என்றது. துளி எங்கே போகும் என்பதுதான் அதில் இருந்தது. அந்தத் துளியில் எவ்வளவு வைரஸ், அது நோய் உண்டாக்கப் போதுமா என்ற கேள்விகளுக்கு அவர் போகவே இல்லை. பக்கக் காற்றும் அதில் கிடையாது. பார்த்தவர்கள் பயந்து வீட்டுக்குள் போய்ச் சன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

நடக்காமல் இருந்தால்

ஊரடங்கு ஆணைகளில் ஆபத்தின் ஒரு பக்கம்தான் எழுதப்பட்டது. 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையில் கிடத்தினார்கள். ஏறக்குறைய நம் முதல் ஊரடங்கின் அளவு. எழுந்தபோது அவர்கள் உடல் உச்ச உழைப்பில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால்பங்குக்கு மேல் சரிந்திருந்தது. முப்பதாண்டு கழித்து அதே ஐவரைத் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். முப்பது வருட வயது ஏற்றம் செய்த சேதத்தைவிட, இருபது வயதில் படுத்துக்கிடந்த மூன்று வாரம் செய்த சேதம் பெரிது!

வீட்டில் இருப்பதும் படுக்கையில் கிடப்பதும் ஒன்றல்ல. அதனால் டென்மார்க்கில் நடந்த இன்னொரு சோதனை நமக்கு நெருக்கமானது. நாளுக்குப் பத்தாயிரம் அடி நடந்துகொண்டிருந்த பத்து இளைஞர்களை 1,300 அடிகளோடு நிறுத்தினார்கள். வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிற அளவு. இரண்டே வாரத்தில் இன்சுலினுக்கு அவர்கள் உடல் செவிசாய்ப்பது குறைந்தது, கால் தசையும் குறைந்தது.

காரணம் தசைக்குள் இருக்கிறது. தொடைத் தசை சுருங்கி விரியும்போது, குளுக்கோஸை உள்ளிழுக்கும் புரதங்கள் தசைச் செல்லின் மேற்பரப்புக்கு வருகின்றன. இதற்கு இன்சுலின் வேண்டியதில்லை. அதனால்தான் சாப்பிட்ட பிறகு கொஞ்சம் நடந்தாலும் சர்க்கரை இறங்குகிறது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களைத்தான் கொரோனா கடுமையாகத் தாக்கியது. அவர்களைக் காப்பாற்ற வீட்டில் உட்கார வைத்தோம், உட்கார்ந்ததில் சர்க்கரை ஏறியது.

தாம்பரத்துக் காற்று

காற்றைப் புகழ்கிறவர்கள் வழுக்கும் இடமும் ஒன்று உண்டு. டாக்டர் சவுரிமுத்து இங்கிலாந்தில் காசநோய் விடுதி நடத்திவிட்டு வந்து, 1928-இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் தொடங்கினார். ரயில் நிலையத்தின் பெயரில் இன்றும் அது இருக்கிறது. நல்ல காற்று, வெளிச்சம், ஓய்வு, உணவு: இவைதான் அன்றைய மருத்துவம். பிறகு 1950-களின் இறுதியில் சென்னை சேத்துப்பட்டில் நடந்த ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. ஒரு பாதி நோயாளிகளுக்குச் சானடோரியத்தில் மருந்து, மறுபாதிக்கு அவரவர் நெரிசலான வீட்டிலேயே அதே மருந்து. குணமாவதில் பெரிய வேறுபாடில்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்துக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் காலியானதற்குச் சென்னை ஒரு முக்கியக் காரணம்.

வெளிக்காற்று நோயை நீர்க்கச் செய்யும், ஆனால் குணமாக்காது. ஆகவே காய்ச்சலும் இருமலும் உள்ளவர், பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பவர், தனிமைப்படுத்தப்பட்டவர் ஆகியோர் நடக்கப் போகக் கூடாது. அவர்களால் வழியில் யாருக்கும் தொற்றாமல் போகலாம். ஆனால் வழியில் டீக்கடை இருக்கிறது, தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தவிர, அந்த நோயின்போது உடலை வருத்துவது இதயத் தசைக்கும் நல்லதல்ல.

அப்படிப்பட்டவருக்கும் ஒரு நடை மட்டும் உண்டு, அது வீட்டுக்குள்ளேயே. இரண்டாம் அலையில் பல வீடுகளில் நடந்தது. விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு சமதளமான கூடத்தில், நிற்காமல், சாதாரண வேகத்தில் ஆறு நிமிடம் நடக்க வேண்டும். மூச்சு திணறினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மருமகளோ பேரனோ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருப்பது நல்லது. நடந்து முடித்ததும் எண் 94-க்குக் கீழே இறங்கினாலோ, தொடக்கத்திலிருந்து மூன்று புள்ளிக்கு மேல் சரிந்தாலோ மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டியதுதான். உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டிச் சிரித்துப் பேசியவர்களின் நுரையீரல் எந்த நிலையில் இருக்கிறது என்பதை இந்த ஆறு நிமிடம் காட்டிக்கொடுத்தது.

ஆணைகள்

பிரிட்டன் 2020 மார்ச் 23-இல் வீடடங்கச் சொன்ன அன்றே, நாளுக்கு ஒருமுறை உடற்பயிற்சிக்கு வெளியே போகலாம் என்றது. பிரான்ஸ் ஒரு மணி நேரம், ஒரு கிலோமீட்டர் என்று எல்லை கட்டியது. ஸ்பெயின் குழந்தைகளை ஆறு வாரம் வாசல் தாண்ட விடவில்லை. நம் நாட்டில் மளிகைக்கடை வரிசையில் நிற்க அனுமதி இருந்தது, யாருமில்லாத சாலையில் நடக்க இல்லை. 2020 மே மாத ஆணை அத்தியாவசியமல்லாத நடமாட்டத்துக்கு மாலை 7 முதல் காலை 7 வரை தடை விதித்தது. அக்னி நட்சத்திரத்தில், வயதானவர்கள் நடக்க ஏற்ற இரண்டே வேளைகளையும் அது எடுத்துக்கொண்டது. எழுதியவர் டெல்லியில் குளிரூட்டிய அறையில் இருந்திருக்க வேண்டும்.

காவலர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. முச்சந்தியில் நிற்கும் காவலருக்கு நடப்பவர் யார், ஊர் சுற்றுபவர் யார் என்று பிரிக்க நேரமில்லை. 'ஒருவரும் வராதே' என்பது நடைமுறைப்படுத்தச் சுலபமான விதி. மெரினாவுக்கு அது பொருந்தும் என்றுகூட ஒப்புக்கொள்வேன், திறந்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் திருவிழாவாகிவிடும். ஆனால் வெள்ளம் வரும் சில நாள் தவிர ஆண்டு முழுக்க மணலாகக் கிடக்கும் பாலாற்றுக்கும் மெரினாவுக்கும் ஒரே விதி என்பது சோம்பேறித்தனம். மாட்டுப் பொங்கல் பார்வேட்டையில் காஞ்சி வரதர் வந்து இறங்கும்போது கூடும் கூட்டத்தைத் தடுக்கலாம், தடுக்கத்தான் வேண்டும். மற்ற காலைகளில் அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை.

அரசு இதைக் கற்றுக்கொள்ளாமல் இல்லை. இரண்டாம் அலை தணியத் தொடங்கியதும், 2021 ஜூன் 14 முதல் காஞ்சிபுரம் உட்பட 27 மாவட்டங்களில் பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும் காலை 6 முதல் 9 வரை நடைப்பயிற்சிக்கு மட்டும் திறந்தன. முதல் ஊரடங்கிலேயே வந்திருக்க வேண்டிய வரி அது.

அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் வரும். அதற்கு முன்பே உங்கள் ஊராட்சியில் ஒரு கிராமசபைக் கூட்டத்தில் கேட்டு வையுங்கள்: அப்படி ஒரு நாளில் ஏரிக்கரையின் எந்தப் பகுதி, எந்த நேரத்தில், யாருக்குத் திறந்திருக்கும்? கல்குவாரி லாரிகள் ஓடும் சாலையை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு விடியற்காலை முதல் ஒரு மணி நேரத்தைத் தனியாக ஒதுக்கச் சொல்லுங்கள், தீர்மானப் புத்தகத்தில் ஏற்றவும் சொல்லுங்கள்.